இரண்டு நாள் ஹோட்டல் பயிற்சியா, வாரம் இரண்டு மணி நேரமா?

பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் மெஷினை நன்றாகப் பார்த்தவரைத்தான் சூப்பர்வைசர் ஆக்குவார்கள். மெஷின் நின்றால் என்ன செய்வது என்று அவருக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உற்பத்தி லைனில் ஒரு பெண் நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் வேலை பார்த்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஆட்களை நடத்தக் கற்றுக்கொள்ள நான் போன வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் எல்லாருக்கும் கிடைப்பது இரண்டு நாள் ஹோட்டல் பயிற்சி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் பெரும்பாலான முதலாளிகள் மாதச் சம்பளத் தொகையில் 1 சதவிகிதத்தை தொழிலாளர் பயிற்சிக்கான அரசு அமைப்பான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயத் தொகையாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதல்ல, முதலாளி தனியாகக் கட்டுவது. பயிற்சிச் செலவு பெரும்பாலும் அதிலிருந்துதான் போகிறது. இந்தப் பயிற்சியில் நல்லதும் உண்டு. என் மேசையில் இருந்த வேறு தொழிற்சாலைக்காரர்கள் மூவருக்கும் என்னுடைய தலைவலியேதான். அதைக் கேட்டதே பெரிய ஆறுதல். ஆனால் புதன்கிழமை லைனுக்குத் திரும்பியபோது, கற்றதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மேலாளரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959இல் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, நடத்தை மாறியதா, வேலையில் பலன் தெரிந்ததா. கடைசி நாள் மாலையில் நாம் நிரப்பிக் கொடுக்கிற படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது வழி பழையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஐ. (டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி, தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி) என்ற திட்டம் நடந்தது. அனுபவசாலிகள் போர்முனைக்குப் போய்விட்டதால் புது சூப்பர்வைசர்களை அவசரமாக உருவாக்க வேண்டிய நிலை. பத்துப் பேர், இரண்டு மணி நேரம், ஐந்து அமர்வு, அவ்வளவுதான். அதில் ஆட்களை நடத்துவது பற்றிய பாடத்துக்கு நான்கு படிகள்: விவரம் திரட்டு, எடைபோட்டு முடிவெடு, செயல்படு, விளைவைப் பார். ஒவ்வொருவரும் தன் லைனில் இப்போது நடக்கும் பிரச்சினை ஒன்றைக் கொண்டுவர வேண்டும், கற்பனைக் கதை கூடாது.

எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் இந்த முறையில் வாரம் ஒரு நாள் கேண்டீன் பக்கத்து அறையில் நடத்தினார். நான் கொண்டுபோனது குலிமிலிருந்து வரும் ஒரு ஆபரேட்டரின் பிரச்சினை. ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதம். எச்சரிக்கைக் கடிதமும் தயாராக இருந்தது.

“அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?” என்றார்.

கேட்கவில்லை. மறுநாள் காலை பத்து மணி ரெஸ்ட்டில் போய்க் கேட்டேன். “அண்ணே, பஸ் ரூட்ட மாத்திட்டாங்க. இப்ப எங்க குடியிருப்புக்கு வரதில்ல. பெரிய ரோடு வரைக்கும் நடக்கணும், பிள்ளைய அம்மா வீட்ல விட்டுட்டு.” பேருந்து நம் கம்பெனி ஏற்பாடு செய்தது. ரூட் மாறியது எச்.ஆருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கடிதத்தைக் கிழித்தேன். அடுத்த அமர்வில் பத்துப் பேர் முன்னால் இதைச் சொல்லும்போது வந்த வெட்கம்தான் எனக்குப் பாடமாக ஒட்டியது. இரண்டு அமர்வுக்கு நடுவே ஒரு வாரம் கிடைப்பதுதான் இந்த முறையின் பலமே. முயன்று பார்த்து, தவறி, திரும்பி வந்து சொல்ல முடிகிறது.

மூன்றாவது வழி, கூடவே இருந்து பார்க்கும் ஒரு மூத்தவர். என் ஷிப்ட் மீட்டிங்கில் பின்னால் நின்ற ஒருவர் முடிந்ததும் சொன்னார்: “கேள்வி கேட்டீங்க, நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க. அஞ்சு விநாடி வாய மூடுங்க.” இவ்வளவு துல்லியமாக எந்த வகுப்பும் சொல்லித் தராது. ஆனால் நல்லவர் அமைவது அதிர்ஷ்டம். கத்தி வேலை வாங்குபவர் கீழே வளர்ந்தால் கத்தத்தான் கற்போம்.

பகுதிநேர எம்.பி.ஏ.வை இந்த வரிசையில் நான் சேர்க்க மாட்டேன். கணக்கும் வியூகமும் தெரிய வேண்டுமென்றால் படியுங்கள். மேலே போக அது உதவும். கீழே இருக்கிற முப்பது பேரிடம் எப்படிப் பேசுவது என்பதற்காக வார இறுதிகளை அதில் செலவிட வேண்டாம்.

என் தேர்வு இரண்டாவது, அதோடு மூன்றாவது. பத்து மணி நேரத்தை ஐந்து வாரமாகப் பிரித்து நடத்த முடியுமா என்று பயிற்சி நிறுவனங்களிடம் நேரடியாகக் கேளுங்கள். 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் பாயான் லெப்பாஸிலேயே இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். ஹோட்டல் பயிற்சிதான் கிடைத்தது என்றால் சரி, போங்கள். ஆனால் லைனில் உள்ள ஒரு பிரச்சினையை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு வாரம் கழித்து மேலாளரோடு அரை மணி நேரத்தை முன்கூட்டியே காலண்டரில் போட்டுவிடுங்கள். லெவிப் பணத்துக்குப் பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதனால் எச்.ஆர். தேதி முடிவு செய்வதற்குள் போய்ப் பேசிவிடுங்கள்.