பேப்பர் போட முந்துததா, சேர்ந்து எழுததா?

அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டில பிஎச்டி பண்ணுத பிள்ளையளும் சரி, பாளையங்கோட்டை காலேஜ்ல பண்ணுதவங்களும் சரி, கேக்கது ஒண்ணுதான்: "அண்ணாச்சி, எங்க டாபிக்லயே இன்னொரு லேபும் வேலை பாக்காம், வாயத் தொறக்காம முந்திப் போட்டுரட்டா, இல்ல அவங்ககிட்ட பேசிச் சேர்ந்து எழுதட்டா?"

முந்துததுல ஒரு ருசி இருக்கத்தான் செய்யி, முதல் பேரு நம்மது, கைடுக்கும் சந்தோசம். ஆனா நாம ஓடுனா மட்டும் போதாது, ஜர்னலும் கதவத் தொறக்கணும்லா. லிதுவேனியா விஞ்ஞானி சிக்ஸ்னிஸ், கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுத கருவிய வச்சு டிஎன்ஏவ வேண்டிய இடத்துல வெட்டலாம்னு 2012 ஏப்ரல்லயே செல் ஜர்னலுக்கு அனுப்புனாரு, அவங்க ரிவ்யூவுக்கே விடாம திருப்பிட்டாங்க, வேற ஜர்னல்ல வந்து சேர செப்டம்பர் ஆயிட்டு, அதுக்குள்ள டௌட்னா, ஷார்பான்டியே டீம் ஜூன்ல குடுத்து ஜூன்லயே சயின்ஸ்ல வந்துட்டு. 2020 நோபல் அவங்க ரெண்டு பேருக்குத்தான். (2018 காவ்லி பரிசுல சிக்ஸ்னிஸுக்கும் பங்கு குடுத்தாங்க, அதையும் சொல்லணும்லா.)

அவருக்கு அப்ப பயோஆர்க்கைவ் கெடையாது, பயாலஜி பேப்பர ஜர்னல்ல வரதுக்கு முன்னயே நாமளே பிரிப்ரிண்ட்டா ஏத்தி வைக்கிற அந்த வெப்சைட் வந்ததே 2013லதான். இப்ப உங்களுக்கு இருக்கு. பிரிப்ரிண்ட்டப் போட்டுட்டா தேதி பதிவாயிரும், ஜர்னல் எத்தனை மாசம் இழுத்தாலும் யார் முதல்லன்னு ஊருக்கே தெரியும். பிளாஸ் பயாலஜி ஜர்னல்ல 2018ல இருந்து, அடுத்தவங்க பேப்பர் வந்து ஆறு மாசத்துக்குள்ள நீங்க அனுப்புனா அதையே காரணமா சொல்லித் தள்ள மாட்டோம்னு வேற சொல்லிட்டாங்க.

கூட்டுன்னா ஜெனீவா பக்கம் இருக்க துகள் ஆராய்ச்சிக்கூடம் செர்ன் மாதிரி பண்ணணும். அட்லஸ், சிஎம்எஸ் ரெண்டு டீமும் தனித்தனியா தேடி 2012ல ஹிக்ஸ் துகள் கெடச்சாச்சுன்னு சொன்னாங்க, 2015லதான் கணக்க ஒண்ணாப் போட்டு அதோட நிறை (mass) எவ்வளவுன்னு துல்லியமா எழுதுனாங்க. 33 பக்கத்துல பேரு மட்டும் 24 பக்கம், மொத்தம் 5,154 பேரு! நம்ம ஊர்ல ரெண்டு பேரு சேர்ந்தாலே யார் பேரு முதல்லன்னு சண்டை வந்துருது, அதனால வேலைய ஆரம்பிக்கும்போதே யாருக்கு என்ன வேலை, யார் முதல் பேருன்னு மெயில்ல எழுதி வாங்கிருங்க. வாய்ப்பேச்சு வேலைக்காவாது.

என் ஓட்டு: பிரிப்ரிண்ட்டப் போட்டுட்டு அந்த இன்னொரு லேபுக்கு நீங்களே அனுப்பிருங்க. ஒளிச்சு வச்சு பயந்துக்கிட்டு கெடக்கதுக்கு அது எவ்வளவோ தேவல.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் இத செஞ்சிராதீங்க. அகத்தியமலை, முண்டந்துறை பக்கம் தவளை, சிலந்தின்னு புது இனம் கெடச்சிருந்தா பேர பிரிப்ரிண்ட்ல போடாதீங்க. விலங்குகளுக்குப் பேர் வைக்க விதிப்படி பிரிப்ரிண்ட்ட வெளியீடாவே எடுத்துக்க மாட்டாங்க, உங்க படத்தப் பாத்துட்டு வேற ஒருத்தர் ஜர்னல்ல முந்துனா அவர் வச்ச பேருதான் நிக்கும். ஆன்லைன்ல மட்டும் வார ஜர்னல்னா பேப்பர்ல ஸூபேங்க் (விலங்குப் பேர்களப் பதியுத ஆன்லைன் பதிவேடு) பதிவு இருக்கான்னு ஒருதடவைக்கு ரெண்டுதடவை பாத்துக்கோங்க, அது இல்லேன்னா ஜர்னல்ல வெளியாகியும் அந்தப் பேரு செல்லாது.