ஆறு பீங்கான் பொம்மை, 62,000 ரூபாய்: அடிப்பக்கம் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

சென்னையில் பழைய பீங்கான் பொம்மைகளை வாங்கி விற்கிறவர்கள், விற்கலாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள்.

"கீழ்ப்பாக்கத்தில் பழைய ஆங்கிலோ இந்தியன் வீடு ஒன்றைக் காலி செய்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் போயாக வேண்டும்" என்ற செய்தியோடு ஆறு பொம்மைகள் வாட்ஸ்அப் குழுக்களில் வந்தன. மைசன் ஆட்டிடையன், ஆட்டிடைச்சி ஜோடி 28,000. செட்டிநாட்டு ஜெர்மன் சரஸ்வதி 10,000. லாட்ரோ பெண் 9,000. ராயல் டோல்டன் பலூன்காரி 8,000. கபோடிமான்டே பூக்காரி 7,000. மொத்தம் 62,000. வாங்கியவர் முன்பணம் 10,000, பொருள் கிளம்பும் முன் மீதி 52,000 என்று முழுத்தொகையையும் யுபிஐயில் அனுப்பிவிட்டார். பெட்டி ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் உள்ளே இருந்த ஆறில் ஒன்றுகூடச் சொன்ன தரத்தில் இல்லை. பிரித்த அன்றே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்ததில் தெரிந்தவற்றை அப்படியே எழுதுகிறோம். இதே வேலையை வேறு பொம்மைகளிலும் செய்வார்கள்.

மைசன் ஜோடியில்தான் பெரிய பணம், பெரிய மோசடியும் அதில்தான். மைசன் ஜெர்மனியின் சாக்ஸனியில் 1710இல் தொடங்கிய ஆலை. ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு வாள்கள்தான் அதன் முத்திரை. 1720களிலிருந்து இன்றுவரை அதேதான். அந்த வாள்களை கோபால்ட் நீலத்தில் வரைந்து, அதற்கு மேல் கிளேஸ் ஊற்றிச் சுடுவார்கள். அதாவது முத்திரை கண்ணாடி போன்ற பூச்சுக்கு அடியில் இருக்கும். நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. இந்த ஜோடியில் நகம் தட்டியது. அடியைச் சாய்த்துப் பிடித்து டியூப்லைட்டின் பிம்பத்தை அதன் மேல் ஓட விட்டுப் பாருங்கள். நிஜ முத்திரையில் ஒளிக்கோடு உடையாமல் வாள்களின் மேல் வழுக்கிப்போகும். இங்கே வாளின் விளிம்பில் கோடு நெளிந்து உடைந்தது. மேலே பெயிண்டால் வரைந்த வாள்.

அதைவிட முக்கியமான அடையாளம் அடியின் இன்னொரு ஓரத்தில் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம் மட்டும் மங்கலாக, லேசாகக் குழிந்து, மேலே வார்னிஷ் தடவி இருந்தது. அந்த இடத்தில் முதலில் வேறொரு ஆலையின் முத்திரை இருந்திருக்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பக்கத்தில் வாள் வரைந்திருக்கிறார்கள். மைசன் மாதிரிகளைப் பார்த்துச் செய்த ஆலைகள் ஏராளம். ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் சிட்சென்டார்ஃப், ஃபோல்க்‌ஷ்டெட் போன்ற ஊர்களில் செய்தார்கள். பாரிஸில் சாம்சன் நிறுவனம் 1845இல் தொடங்கி, நகல் செய்வதையே தொழிலாக வைத்திருந்தது. இவையும் பழசுதான், சொந்தப் பெயரில் விற்றால் நியாயமான விலை உண்டு. சொந்த முத்திரையைத் தேய்த்தபின் அந்த விலையும் போய்விடும், அதுதான் வயிற்றெரிச்சல். நிஜ வாள் முத்திரையின் குறுக்கே வெட்டுக்கோடுகள் கீறப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதற்கோ, வண்ணம் தீட்டாமல் வெள்ளையாக விற்றதற்கோ அது அடையாளம்.

அடுத்து கை. பீங்கான் பொம்மையில் முதலில் உடைவது விரல்கள்தான். பிறகு பூவிதழ், குடைக்கம்பி, தொப்பி விளிம்பு. ஆட்டிடையனின் இடது கையில் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களைவிடத் தடிமனாக, நகக்கோடு இல்லாமல் மொழுக்கென்று இருந்தது. எபாக்சிப் பசையில் செய்து, தோல் நிறம் ஸ்ப்ரே அடித்த விரல் அது. ஸ்ப்ரே விரலோடு நிற்காது. ஒட்டு தெரியாமல் மறைக்க மணிக்கட்டுவரை அடிப்பார்கள். அதனால் நல்ல பீங்கானும் பெயிண்டுக்கு அடியில் போய்விடுகிறது.

இதைப் பிடிக்க மூன்று வழி. முதலாவது ஊசி: தையல் ஊசியை அழுத்தாமல், படுக்கவைத்த மாதிரிப் பிடித்து இழுத்தால் கிளேஸ் மேல் வழுக்கும், பெயிண்ட் மேல் சிக்கும். இரண்டாவது வெப்பம்: பீங்கான் உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும், எபாக்சியும் ரெசினும் (அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்) அப்படி இருக்காது. மூன்றாவது யுவி (புறஊதா) டார்ச், ரிச்சி தெருவில் கிடைக்கும். 395 நானோமீட்டர் டார்ச் விலை குறைவு, ஆனால் அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும். 365 என்று கேட்டு வாங்குங்கள். இருட்டறையில் அடித்தால், ஒட்டுவேலை செய்த இடம் பெரும்பாலும் மஞ்சள் கலந்த வெள்ளையாக, பால் சிந்தியதுபோல் ஒளிரும். இந்த ஆட்டிடையனின் கை மணிக்கட்டுவரை வெள்ளைக் கையுறை போட்டதுபோல் தெரிந்தது. ஆனால் யுவியில் ஒளிராத புது லாக்கர் பூச்சுகளும் வந்துவிட்டன. யுவியில் சுத்தமாக இருக்கிறது என்பதாலேயே நம்பிவிட வேண்டாம், ஊசியும் போட்டுப் பாருங்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். வாங்கும் முன் அது உங்கள் பொருள் அல்ல. வாங்கிய பிறகும், சுடாமல் மேலே பூசிய தங்கப்பூச்சு இருந்தால் அதுவும் பஞ்சோடு வந்துவிடும்.

அடுத்தது சரஸ்வதி. இது நம் ஊரோடு ஒட்டிய பொருள் என்பதால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் பிறகு ஜப்பானிலும், ரவிவர்மா படங்களைப் பார்த்து லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன் என்று பீங்கானில் செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் நிறைய இருந்தன. இப்போது காரைக்குடிக் கடைகள் வழியாகச் சென்னைக்கு வருகின்றன. கொலுவுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கிராக்கி ஏறும். அந்த நேரத்தில்தான் நகல்களும் வரும்.

நகல் எடுப்பவர் புதிதாகச் சிலை செதுக்குவதில்லை. பழைய பொம்மையின் மேல் அச்சு எடுத்துக் களிமண் ஊற்றிச் சுடுகிறார். பீங்கான் களிமண் காய்ந்து சுடும்போது எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அதனால் நகல் எப்போதும் மூலத்தைவிடச் சின்னது. அசல் 24 செ.மீ. என்றால் நகல் 21 செ.மீ.தான் வரும். ஏற்கெனவே விற்ற நம்பகமான துண்டின் உயரம் தெரிந்தால் ஒரு ஸ்கேலே போதும். சுருங்கும்போது நுணுக்கமும் மழுங்கும்: வீணைத் தந்திக்கான வரிகள், விரலிடுக்கு, கண்ணிமை எல்லாம் சோப்பில் தேய்ந்ததுபோல் ஆகும். ரெசின் நகல் இந்த அளவு சுருங்காது. ஆனால் எடையிலும், அடியில் தெரியும் வார்ப்புக் குமிழிகளிலும் மாட்டிக்கொள்ளும். வந்த சரஸ்வதி பீங்கான்தான், ஆனால் புதுசு. அடியில் இருந்த "நூறு வருட அழுக்கு" வெள்ளைப் பஞ்சில் ஒரே துடைப்பில் பழுப்பாக வந்தது, ஷூ பாலிஷ் வாசனையோடு. நிஜத் தேய்மானம் தரையில் படும் விளிம்பில் மட்டும்தான் இருக்கும். குழிந்த உட்பகுதி தேயாது. இதிலோ எல்லா இடமும் ஒரே சீராகக் கருத்திருந்தது.

மற்ற மூன்றில் லாட்ரோவும் டோல்டனும் அசல் ஆலைப் பொருள்கள், தரம்தான் பொய். லாட்ரோ 1953இல் ஸ்பெயினின் வலென்சியா அருகே தொடங்கியது. ஆன்டிக் என்று அதைக் கூவுவதே தவறு. அடியில் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் சாய்ந்த கோடு இருக்க வேண்டும், இதில் இருந்தது. ஆனால் நீல மணிப்பூச் சின்னம் உரசி நீக்கப்பட்டிருந்தது. அது ஆலையின் இரண்டாம் தரம். கழுத்திலும் ஒட்டு. பழைய எபாக்சி வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மஞ்சளாகும் என்பதால், சென்னை வெயிலில் ஜன்னலோர ஷோகேஸில் இருந்த பொம்மைக்குக் கழுத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் நூல் கட்டியதுபோல் தெரியும். இதில் அப்படியே தெரிந்தது.

ராயல் டோல்டன் பலூன்காரி, அந்த ஆங்கில ஆலையின் மாதிரி எண் எச்.என். 1315. 1929 முதல் 1998 வரை ஏறக்குறைய எழுபது வருடம் செய்த பொம்மை. அரிது என்று சொன்னால் நம்பாதீர்கள். பலூன்கள்தான் அதன் பலவீனம். இதில் இரண்டு பலூன்களுக்கு ஸ்ப்ரே அடித்திருந்தது. கபோடிமான்டே (இத்தாலியின் நேப்பிள்ஸ் பீங்கான்) பூக்காரியின் அடியில் கிரீடமும் 'N' எழுத்தும். நேப்பிள்ஸ் அரச ஆலை 1771 முதல் 1806 வரை அந்த முத்திரையைப் போட்டது உண்மை. ஆனால் பிறகு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பலர் அதையே எடுத்துப் போட்டார்கள். அந்த முத்திரையை மட்டும் வைத்து வயது சொல்லவே முடியாது. வயது சொல்ல எளிய வழி நாட்டின் பெயர்: அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் 1891 முதல் ஏற்றுமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வரத் தொடங்கியது. "மேட் இன்" என்று முழுசாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. "ஆக்குபைடு ஜப்பான்" என்றால் போருக்குப் பிந்தைய 1945–52 காலம்.

விற்றவர் ஒவ்வொரு படத்தோடும் வெளிநாட்டு ஏலத் தளங்களின் ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தார். எல்லாம் கேட்கும் விலை. ஒருவர் பலூன்காரிக்கு 30,000 கேட்கலாம், அது விற்றதா என்பதுதான் கேள்வி. "விற்கப்பட்டவை" என்ற ஃபில்டரைப் போட்டு, அதே எண், அதே அளவு, ஒட்டில்லாத துண்டுகள் எவ்வளவுக்குப் போயிருக்கின்றன என்று குறைந்தது பத்து விற்பனையாவது பாருங்கள். ஒட்டுவேலை செய்ததற்கு அதில் பாதிகூட நாங்கள் போடமாட்டோம். பேக்கிங், கூரியர், தளத்தின் கமிஷன் கழித்துப் பார்த்தால் இந்த லாட்டுக்கு, அதாவது ஆறு பொம்மைக்கும் சேர்த்து, கொடுத்திருக்கக்கூடிய அதிகபட்ச விலை 15,000.

"150 வருடப் பழசு" என்ற பேச்சில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த கலைப்பொருளை வியாபாரமாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. ஜெர்மனியில் செய்தது என்பதால் இந்தியத் தொல்பொருள் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பிப் பார்சல் போடாதீர்கள். வயதில் சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகே அனுப்புங்கள். துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது.

இனி இப்படி ஒரு லாட் வந்தால், பணம் அனுப்பும் முன் இந்தப் படங்களைக் கேளுங்கள்: ஜன்னல் வெளிச்சத்தில் அடிப்பக்கம் முழுதாக, முத்திரை நெருக்கமாக, பக்கத்தில் ஸ்கேலோடு உயரம், இரண்டு கைகளும் தனித்தனியாக, கழுத்தைச் சுற்றி நான்கு பக்கம், பிறகு மெதுவாகச் சுற்றிக் காட்டும் ஒரு வீடியோ. இந்த லாட்டுக்கு வந்த படங்கள் 14. பதின்மூன்று முன்பக்கம், ஒரே ஒரு அடிப்பக்கம், அதுவும் கலங்கல். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வெயிலில் வைத்துத் திருப்பிப் பார்த்து வாங்கும் ஆயிரம் ரூபாய்ப் பொம்மை, படத்தில் பார்க்கும் பத்தாயிரம் ரூபாய்ப் பொம்மையைவிடப் பாதுகாப்பு.

பணத்தைத் திரும்பக் கேட்பதைப் பற்றி. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் மறுவிற்பனைக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். நமக்கு உதவுவது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு: விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். அதை நிரூபிக்க விவரம் எழுத்தில் இருப்பது நல்லது. "நல்ல பீஸ் அண்ணா, அசல் அண்ணா" என்று போனில் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். ஆகவே வாங்கும் முன் "மைசன் ஆலை, ஒட்டுவேலை இல்லை, முத்திரை அசல், சரிதானே?" என்று செய்தி அனுப்பி, "ஆமாம்" என்று எழுத்தில் வாங்குங்கள். பெட்டியை வெட்டுவதில் தொடங்கி அடிப்பக்கம் காட்டுவதுவரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

இந்த விஷயத்தில் மைசன் ஜோடிக்கு மட்டும் அப்படி எழுத்தில் இருந்தது. வீடியோவும் செய்தியும் சேர்த்து அனுப்பி, போலீஸில் மோசடிப் புகார் கொடுப்பதாகச் சொன்னபின், ஜோடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு 28,000 அனுப்பினார்கள். மீதி 34,000க்குப் பதிலே இல்லை, அந்த எண்ணும் இப்போது வேலை செய்யவில்லை.

திருப்பிக் கொடுத்த இரண்டாவது வாரம் அதே ஜோடி வேறொரு குழுவில் வந்திருக்கிறது. இப்போது "டிரெஸ்டன், 1880" (பீங்கானுக்குப் பேர்போன இன்னொரு ஜெர்மன் ஊர்), விலை 22,000, வீடு கீழ்ப்பாக்கம் இல்லை, பெரம்பூர். ஆட்டிடையனின் இடது சுண்டுவிரல் தடிமன், நகக்கோடு கிடையாது. ஆட்டிடைச்சியின் காலடியில் இருக்கும் ஆட்டுக்குட்டிக்கு வலது காது நுனி இல்லை. இரண்டின் அடியிலும் விளிம்பை ஒட்டி நகம் அளவுக்கு மங்கலான தேய்ப்பு. உங்களுக்கு இந்தப் படம் வந்தால் முதலில் அடிப்பக்கப் படம் கேளுங்கள்.