பி0010 எரர் கோடுக்கு டைமிங் செயின் மாற்றணும் என்றால் சாவியைத் திருப்பி வாங்கிவிடுங்கள்

பில்லில் நாலே வரி. விவிடி சொலினாய்டு (வால்வு திறக்கும் நேரத்தை மாற்ற ஆயிலைத் திருப்பிவிடுகிற மின்வால்வு), கேம் ஸ்ப்ராக்கெட் (வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டின் பல்சக்கரம்), டைமிங் செயின் கிட் (அந்தச் சக்கரத்தைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற செயின்), லேபர். மொத்தம் 41,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வண்டியில் நிஜமாகக் கெட்டிருந்தது ஒரு விரற்கடை நீள வயர். வேலை நடந்தது காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில். பெயர் வேண்டாம், இதே வேலையை இன்னும் சில இடங்களில் செய்கிறார்கள்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் ஐந்து மாதம் நின்ற பெட்ரோல் கார் அது. செட்டிநாட்டில் இது சகஜம்தான்: வீடு பூட்டிக் கிடக்கும், படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ ஆள் வந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். பிக்கப் இல்லை, செக் இன்ஜின் லைட் எரிகிறது என்று கொண்டுபோனார்கள். ஸ்கேனரில் பி0010. "விவிடி போச்சு, செயினும் லூசு, மொத்தமா மாத்திடுவோம்ணே" என்று பதில். நான்கு நாள் கழித்து, லைட் அணைந்திருப்பதைக் காட்டிச் சாவியைக் கொடுத்தார்கள். குன்றக்குடி தாண்டுவதற்குள் லைட் மறுபடி எரிந்தது. அதே கோட்.

பி0010 என்பது இன்டேக் கேம் சொலினாய்டின் மின்சுற்றில் கோளாறு என்கிற கோட். செயின் தளர்ந்தாலோ பல் தாண்டினாலோ வருவது பெரும்பாலும் பி0016, அதாவது கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று. பி0011 (கேம் நேரம் அளவுக்கு மேல் முந்துகிறது) வந்தால் முதலில் ஆயிலைப் பார்க்கணும்: அளவு குறைவா, கசடா, 5டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினில் யாராவது கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றிவிட்டார்களா, சொலினாய்டு வால்வின் சல்லடை அடைத்திருக்கிறதா. பி0010-க்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர். ஸ்பானர் எடுத்தவர் கோட் என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டுத்தான் எடுத்தார்.

சொலினாய்டில் இரண்டே பின். பல வண்டிகளில் ஒன்றுக்கு ரிலே வழியாக 12 வோல்ட் வரும், மற்றதில் இசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எர்த்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும். கனெக்டரைக் கழற்றிச் சொலினாய்டின் இரு பின்னுக்கு நடுவே ஓம் பாருங்கள். பல வண்டிகளில் குளிர்ந்த இன்ஜினில் 7-க்கும் 12-க்கும் நடுவே வரும், உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கடைசிக் கணக்கு. மீட்டர் வயர் இரண்டையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அதில் காட்டுகிற 0.3-ஐயோ 0.4-ஐயோ கழித்துவிடுங்கள். பின்னுக்கும் சொலினாய்டு உடம்புக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. சூடான பிறகு இன்னொரு தடவை பார்க்கணும், சில காயில்கள் சூட்டில்தான் விடும்.

அடுத்து வயர் பக்கம். சாவியை ஆன் செய்து சப்ளை பின்னில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். இந்த வண்டியிலும் 12.4 காட்டியது. ஏமாறுகிற இடமே இதுதான். மீட்டர் கரண்ட் இழுக்காது, வயரில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்டேஜும் தெரியும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அந்தப் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே கட்டுங்கள். அது இழுப்பது ஏறக்குறைய 1.75 ஆம்பியர், சொலினாய்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கும். இங்கே பல்ப் திரி சிவந்ததோடு சரி, மீட்டர் 3 வோல்டுக்கு இறங்கியது. இசிஎம் பக்கத்துப் பின்னில் இந்தப் பல்ப் வேலையைச் செய்யாதீர்கள். மீட்டர் முனையைக் கனெக்டருக்குள் குத்தவும் கூடாது, பின் அகன்று அதுவே புதுப் பழுதாகிவிடும்.

அதே ரிலேயிலிருந்து வேறு பாகங்களுக்கும் சப்ளை போகிறது. அவற்றுக்குக் கோட் எதுவும் இல்லை. அப்படியானால் பழுது சொலினாய்டுக்குப் பிரிகிற கிளையில். கியர்பாக்ஸ் மேல் தேங்காய் நாரும் உமியுமாக எலிக் கூடு, அதற்கு மேலே வயர் போகிற கருப்புக் குழாயில் இரண்டு பல் தடம். குழாயைப் பிளந்தால் இன்சுலேஷன் இல்லை, செம்பு பச்சை பூத்திருக்கிறது, முழுசாக இருந்தது இரண்டு இழை. இன்ஜின் நடுங்கும்போது விடும், நின்றால் ஒட்டும். ஒர்க்‌ஷாப்பில் லைட் அணைந்ததும் வழியில் எரிந்ததும் இதனால்தான். பச்சை இல்லாத பளிச்சென்ற செம்பு வரும்வரை இரு பக்கமும் வெட்டி, அதே கனத்தில் வயர் சேர்த்து, கிரிம்ப் அடித்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டால் வேலை முடிந்தது. முறுக்கி டேப் சுற்றினால் ஆயில் பட்டு ஒரு கோடையில் அவிழும்.

ஸ்ப்ராக்கெட் வேலை செய்கிறதா என்று இன்ஜினைத் திறக்காமலே பார்க்கலாம். கனெக்டரைக் கழற்றிய நிலையில் சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு, இன்டேக் சொலினாய்டுக்கு 5 ஆம்ப் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி கரண்டை ஒரு வினாடி கொடுங்கள். இன்ஜின் உதறினாலோ நின்றுபோனாலோ வால்வு நகர்கிறது, ஆயில் போகிறது, ஸ்ப்ராக்கெட் திரும்புகிறது. உதறவே இல்லை என்றால்தான் வால்வையும் ஆயிலையும் சந்தேகப்படணும்.

இதை முதல் நாளே செய்திருந்தால் முன் கவரைத் திறந்திருக்க வேண்டாம். திறந்து மூடியதில் பழைய சீலண்டைச் சரியாகச் சுரண்டவில்லை போல, இப்போது கிராங்க் புல்லி பக்கம் ஆயில் கசிகிறது. பழைய பாகங்களைக் கேட்டதற்கு "இரும்புக்கடைக்குப் போயிருச்சு" என்றார்கள். புதுசு என்று மாட்டிய சொலினாய்டில் இணைப்புப் பூட்டு தேய்ந்திருந்தது, சல்லடையில் பழைய கசடு. கழுவித் திரும்ப மாட்டியதுதான்.

வண்டி விடும்போது ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள், எரர் கோட் அழிக்கப்படுவதற்கு முன். சொலினாய்டு எத்தனை ஓம், லோடு கொடுத்தபோது எத்தனை வோல்ட் என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "இசிஎம் போயிருக்கலாம்" என்றால் இரண்டு வயரையும் இசிஎம் கனெக்டர் வரை பார்த்தாரா என்று கேளுங்கள்: பேட்டரி கழற்றி, முனைக்கு முனை 1 ஓமுக்குள், எர்த்தோடு ஒட்டாமல். பழைய இசிஎம் ஒன்றைத் தூக்கி மாட்டினால் இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் பார்க்கிற திருட்டுத் தடுப்பு) ஒத்துக்கொள்ளாது, வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் அங்கேயே நிற்கும்.