சிவப்புப் பந்துக்காரர் நில்லுங்கோ: நிறப் பந்துகளோடு மூன்று வருடம்

கொழும்பில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பாடசாலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி படிப்பிக்கிறேன். மைதானம் என்று சொல்ல எங்களுக்கு இருப்பது ஒரு சீமெந்து முற்றமும் ஓரத்தில் ஒரு மாமரமும்தான். மூன்று வருடத்துக்கு முன், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுத்த காசில் புறக்கோட்டையில் 24 இறப்பர் கூடைப்பந்துகள் வாங்கினேன். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், நிறத்துக்கு ஆறு. மூட்டையைப் பிரித்த அன்று ஆடிவேல் திருவிழாவில் பலூன் கடையைக் கண்டதுபோல் பிள்ளைகள் கத்தினார்கள். அந்தக் குதூகலம் இரண்டு கிழமைதான். அதற்குப் பிறகும் இந்தப் பந்துகள் பயன்பட்டனவா என்பதுதான் கேள்வி.

பயன்பட்டன. பந்தைத் தட்டப் பழகும் பிள்ளை பந்தையே குனிந்து பார்க்கும். “தலையை நிமிர்த்து” என்று நூறு தரம் சொன்னாலும் நடக்காது, ஏனென்றால் நிமிர்ந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. இப்போது நான் விசில் ஊதுவதில்லை. நிற அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் சும்மா நடப்பேன். சிவப்பு அட்டையைத் தூக்கினால் சிவப்புப் பந்துக்காரர் அந்த இடத்திலேயே நின்று தட்ட வேண்டும், மற்றவர்கள் அவர்களைச் சுற்றி ஓட வேண்டும். அட்டை எப்போது எந்தப் பக்கம் எழும்பும் என்று தெரியாததால் கண் தானாக மேலே வரும். கண் மேலே வந்ததும் கை பந்தைத் தேடத் தொடங்கும். உள்ளங்கையால் ‘பட் பட்’ என்று அறைந்த பிள்ளை விரல் நுனிகளால் தள்ளப் பழகுவதை ஒரு தவணைக்குள் பார்த்தேன்.

கூடைப்பந்தின் நிறமே கண்ணுக்காக மாறியதுதான். 1950கள் வரை அது கரும் பழுப்பு. வீரர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் தெளிவாகத் தெரியவில்லை என்று அமெரிக்காவின் பட்லர் பல்கலைக்கழகப் பயிற்றுநர் டோனி ஹிங்கிள் முன்னின்றதால்தான் செம்மஞ்சள் வந்தது.

இனி நான் விட்ட பிழை. மஞ்சளை மட்டும் சின்ன அளவான 3ஆம் இலக்கத்தில் வாங்கியிருந்தேன், மற்றவை அதைவிடப் பெரிய 5ஆம் இலக்கம். சின்னக் கைகளுக்கு மஞ்சள் என்று பிரித்தால் எனக்குச் சுகம் என்று நினைத்தேன். ஒரு மாதம் போகவில்லை, “மஞ்சள் பேபி பந்து” என்ற பேச்சு வந்துவிட்டது. நன்றாகத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, கைக்கு அடங்காத நீலப் பந்தோடு வேண்டுமென்றே மல்லுக்கட்டியது. அடுத்த முறை காசு கிடைத்ததும் எல்லா நிறத்திலும் இரண்டு அளவும் இருக்கும்படி வாங்கிக் கலந்துவிட்டேன். நிறத்தைத் திறமையோடு கட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் அதை எங்களைவிட வேகமாகப் படித்துவிடுவார்கள்.

இரண்டாவது விசயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தரம் 4இல் ஒரு பையன். சிவப்பு அட்டைக்குப் பச்சைக்காரர்களோடு ஓடுவான், இல்லாவிட்டால் ஒரு நொடி பிந்துவான். கவனம் இல்லை என்று இரண்டு முறை ஏசியும் இருக்கிறேன். ஒரு நாள் மாமர நிழலில் நின்று அட்டையைத் தூக்கினேன். அவன் அட்டையைப் பார்த்தான், பிறகு பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்தான், அந்தக் கால் அசைந்த பிறகுதான் ஓடினான். மற்றவர்களைப் பார்த்தே இவ்வளவு நாளும் சமாளித்திருக்கிறான். தாயைக் கூப்பிட்டுக் கதைத்தேன். “எங்கட தம்பிக்கும் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது மிஸ்” என்றார். இந்தக் குறை தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவதுதான் வழக்கம். கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். அன்று பின்னேரமே அழியாத மார்க்கர் பேனாவால் சிவப்புப் பந்துகளில் பெரிய வட்டமும் பச்சையில் தடித்த கோடும் போட்டேன், அட்டைகளிலும் அப்படியே. அடுத்த பாடவேளையில் வட்டத்தைக் கண்டு முதலில் நின்றது அவன்தான். ஏசியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கோட்டால் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் வந்தது. கூடைக்கு எறியும்போது பந்து பின்பக்கமாகச் சுழல்கிறதா, கோணலாகப் புரள்கிறதா என்பது ஒற்றை நிறப் பந்தில் தெரியாது. கோடு போட்ட பந்தில் பிள்ளையே கண்டுபிடித்து, “மிஸ், கோடு ஆடுது” என்று சொல்லி மணிக்கட்டைத் திருத்திக்கொள்கிறது. 2004இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் ஆடப்படும் மோல்டன் நிறுவனப் பந்தில் இரண்டு நிறப் பட்டிகள் இருக்கின்றன. அதிலும் சுழற்சி இப்படித்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பொருளாக எப்படி? சுமார்தான். வெயிலில் விட்ட இரண்டு பச்சைப் பந்துகள் முட்டை மாதிரிப் பிதுங்கின. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. நீலம் வெளிறிச் சாம்பல் பூத்துவிட்டது, மஞ்சளில் அழுக்கு ஏறினால் சவர்க்காரத்துக்கும் போகாது. ஐப்பசி மாத மழையில் சீமெந்து ஈரமானால் இறப்பர் வழுக்கும், அன்று வகுப்பறைதான். காற்றடிக்கும் ஊசியை நனைத்துச் செருகுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். மூன்று பந்துகளை அப்படித்தான் இழந்தேன்.

24இல் 17 இன்னும் ஓடுகின்றன. அடுத்த முறை பச்சை வாங்கப்போவதில்லை. நீலம், மஞ்சள், வெள்ளை, கூடவே இரட்டை நிறப் பந்துகள் ஆறு; பட்டியல் சங்கத்திடம் கொடுத்தாயிற்று.