கருமத்தம்பட்டி கடைவீதி ஜெபமாலையும் கூடவரும் கையேடும்

அக்டோபரில் கோவைப் பக்கம் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை திருவிழாவுக்குப் போறவங்க கடையிலேயே மணியை எண்ணிடுங்க. சின்ன மணி 53, பெரிய மணி 6, ஆக 59. சின்ன மணிகளைப் பத்துப் பத்தாகக் கோப்பாங்க; ஒரு பத்தில் ஒன்பதோ பதினொன்றோ கோத்திருந்தால் செபிக்கும்போதுதான் தெரியும்.

கம்பியில் கோத்தது பார்க்க அழகு, ஆனால் நெடுநாள் உழைக்காது. மூன்று பக்கமும் இழுபடுவதால் பதக்கத்தை ஒட்டிய வளையம்தான் முதலில் வாய் திறக்கும். மூக்குக் குறடால் நெருக்கிவிட்டால் போதும். சட்டைப்பையில் போட்டுத் திரிகிறவருக்கு முடிச்சுப் போட்ட நைலான் நூலே நல்லது. மர மணியில் ஏற்றிய சாயம் வியர்வையில் கையில் ஒட்டும். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்து வாங்குங்க.

கையேட்டில் 20 மறைபொருள்கள், அதாவது செபிக்கும்போது தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்வுகள், இருக்கணும். 15 மட்டும் இருந்தால் பழைய அச்சு. வியாழனுக்கான ஒளியின் மறைபொருள்களை 2002இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார்.

சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) சம்பந்தி வீட்டில் ஜெபமாலை பற்றிக் கேள்வி வருமேன்னு இந்தக் கையேட்டை வாங்கினால், பாதிதான் உதவும். சின்ன மணிக்கு ஒருமுறை சொல்லும் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தின் முற்பாதி லூக்கா 1:28, 1:42இலிருந்து வருவதைக் காட்டுகிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மரியாளுக்கு வணக்கம் என்ற வேறுபாடும் தெளிவு. ஆனால் அவங்க மறுப்பே பிற்பாதியில்: மரியாளிடம் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பது, மத்தியஸ்தர் இயேசு ஒருவரே என்னும் 1 தீமோத்தேயு 2:5க்கு முரண் என்பது. அதற்கு ஒரே வரிப் பதில். ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எதிராக அவங்க காட்டும், வீண் வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்னும் மத்தேயு 6:7 பக்கமே கையேடு போகவில்லை. அதைத்தானுங்க முதலில் கேட்பாங்க!

மாலைக்கு நான்கு நட்சத்திரம், கையேட்டுக்கு இரண்டு.