டெவில்ஸ் லேக்கா, பெனின்சுலாவா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கோடைக்கு ஒரே ஒரு ஏரிக்கரை மாநிலப் பூங்காவுக்குத்தான் போக முடியும் என்றால், பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் வந்து நிற்கும். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்: பெனின்சுலா 1909, டெவில்ஸ் லேக் 1911.

பாராபூ ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டெவில்ஸ் லேக்கில் ஏரியைவிடப் பாறைதான் கதாநாயகன். ஏரிக்கு மேலே சுமார் 500 அடி உயரத்துக்கு குவார்ட்சைட் என்ற கடினப் பாறையாலான செங்குத்துகள். ஒரு காலத்தில் இது ஆறு ஓடிய பள்ளத்தாக்கு. பனியுகத்தில் பனிப்பாளம் தள்ளிவந்த மண்ணும் கல்லும் இரு முனையையும் அடைத்துவிட, நடுவில் ஏரி உருவானது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு இது புனித நீர். அவர்களின் முன்னோர் பறவை, விலங்கு வடிவில் எழுப்பிய மண்மேடுகள் கரையிலேயே இருக்கின்றன, ஆனால் பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1873இல் ரயில் வந்ததும் ஹோட்டல்கள் முளைத்தன. அவை போய்விட்டன, தண்டவாளம் மட்டும் கிழக்குக் கரையோரம் மிச்சம். பெட்ரோல் படகுக்கு அனுமதி இல்லாததால் நீந்தவும் துடுப்பு போடவும் நிம்மதி. பேலன்ஸ்டு ராக் பாதையில் ஏறுவதென்றால் கல் படிகள் முழங்காலைப் பதம் பார்க்கும், சொல்லிவிட்டேன்.

பெனின்சுலா வேறு ரகம். டோர் கவுன்ட்டியில், மிச்சிகன் ஏரியின் கிளையான கிரீன் பே கரையில் இருக்கிறது. இங்கே வரலாறு கண்ணுக்குத் தெரியும்: 1868இன் ஈகிள் பிளஃப் கலங்கரை விளக்கம், 1931இல் பொட்டாவாட்டமி பூர்வகுடித் தலைவர் சைமன் காக்வாடோஸ் அடக்கம் செய்யப்பட்ட இடம். ஈகிள் டவர் என்ற பழைய காட்சிக் கோபுரத்தை 2016இல் பிரித்துவிட்டு, 2021இல் புதிதாகத் திறந்தார்கள். மரக்கிளைகளுக்கு நடுவே வளைந்து ஏறும் சாய்தளம் இருப்பதால் சக்கர நாற்காலியிலும் உச்சிவரை போகலாம். சன்செட் பாதையில் சைக்கிள், நிக்கோலே பீச் என்ற ஏரி மணல்கரையில் குளியல், அப்புறம் கோல்ஃப்கூட உண்டு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், பெனின்சுலாதான். மற்றபடி என் ஓட்டு டெவில்ஸ் லேக்குக்கு. மாநிலத் தலைநகர் மேடிசனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கோடை வார இறுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். வார நாளில் போங்கள், இல்லையென்றால் காலையிலேயே கிளம்புங்கள். பெனின்சுலாவில் கூடாரம் போட இடம் வேண்டுமானால் பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.