சோயாவைக் குறைத்து லைசின் சேர்த்தோம்: வெண்பன்றிப் பண்ணையில் நாலு வருட அனுபவம்

நாமக்கல் பக்கம் எங்களுடையது சின்ன வெண்பன்றிப் பண்ணை. 2020-ல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும் அந்த நோய் மிச்சச் சாப்பாடு வழியாகவும் பரவும் என்பதால், பன்றிக்குப் போட ஓட்டல் மிச்சம் எடுப்பதை நிறுத்திவிட்டு, சொந்தமாகத் தீவனம் கலக்க ஆரம்பித்தோம். மறு வருடமே சோயா புண்ணாக்கு கிலோ 90 ரூபாயைத் தாண்டியது. பன்றி விற்ற காசு தீவனக் கடைக்கே சரியாகப் போனது.

தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர், "பன்னிக்கு வேணுங்கிறது புரோட்டீன் சதவீதம் இல்லைங்க, லைசின்" என்றார். புரோட்டீன், அதாவது புரதம், அமினோ அமிலங்கள் சேர்ந்தது. லைசின் அதில் ஒன்று. மக்காச்சோளத்தில் லைசின் கால் சதவீதம்தான். சோயாவில் மூன்றுக்குக் கிட்ட இருக்கும். லைசினுக்காகச் சோயாவைக் கொட்டினால் மற்ற அமினோ அமிலங்கள் தேவைக்கு மேல் போய்விடும். மிஞ்சியதை உடம்பு உடைத்து, யூரியாவாக மூத்திரத்தில் தள்ளுகிறது. அதற்குத் தண்ணீரும் செலவு, உடம்புச் சூடும் ஏறும். லைசினும், இன்னொரு அமினோ அமிலமான மெத்தியோனினும் எங்கள் ஊர்க் கோழிப் பண்ணைக்காரர்களுக்குப் பழகிய சரக்கு. தீவனக் கடையில் 25 கிலோ மூட்டையாகவே கிடைக்கிறது.

25 கிலோ எடைக்கு மேற்பட்ட வளரும் பன்றிக்கு முன்பு 100 கிலோ தீவனத்தில் சோயா 25, மக்காச்சோளம் 60, கோதுமைத் தவிடு 12, மீதி தாது உப்பும் கல்லுப்பும். இப்போது சோயா 16, மக்காச்சோளம் 69. கூடவே லைசின் 300 கிராம், திரியோனின் என்ற அமினோ அமிலம் 100 கிராம், மெத்தியோனின் 50 கிராம். புரதம் 18-லிருந்து 15 சதவீதம் பக்கம் வந்துவிட்டது. வளர்ச்சியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, வியாபாரிக்கும் தெரியவில்லை.

தெரிந்தது நாற்றத்தில்தான். முன்பெல்லாம் விடியற்காலை கொட்டில் கதவைத் திறந்தால், மூத்திரத்து யூரியாவிலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணைக் கரிக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பஞ்சாயத்து வரை போனவர். இரண்டு மாதத்தில் அந்தக் காரம் நன்றாகக் குறைந்தது. தரை முன்போல் சொதசொதவென்று கிடப்பதில்லை. தண்ணீர் குறைவாகக் குடிக்கின்றன போல. சித்திரை வெயிலிலும் மூச்சிரைப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது.

ஆசை விடவில்லை. அடுத்த வருடம் சோயாவை 10 கிலோவுக்கு இறக்கி, லைசினை மட்டும் ஏற்றினேன். இரண்டே வாரத்தில் தீனி மிஞ்ச ஆரம்பித்தது, எடை பின்தங்கியது. கறிக்கடைக்காரர் "முதுகுல வெறும் கொழுப்பாத்தான் இருக்குது" என்று முகம் சுளித்தார். அந்த அளவுக்கு இறங்கினால் டிரிப்டோபேன், வாலின் போன்ற மற்ற அமினோ அமிலங்களும் பற்றாமல் போகும். அதையும் வாங்கிப் போட்டால் கணக்கு உதைக்கிறது. 16-க்கே திரும்பிவிட்டேன்.

கலப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். 300 கிராமை நேராக மிக்சரில் போட்டால் ஒரு மூட்டையில் குவியும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. ஒரே ஈற்றுக் குட்டிகள் ஏறுமாறாக வளர்ந்தபோதுதான் புரிந்தது. இப்போது முதலில் 2 கிலோ மக்காச்சோள மாவில் கையால் பிசிறி, அதை 10 கிலோவாக்கி, பிறகுதான் மிக்சர். ஓட்டல் மிச்சம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதில் இன்றைக்கு இருக்கும் புரதம் நாளைக்கு இருக்காது.

சோயா விலை இறங்கிய பிறகு மிச்சமாகும் காசு சொற்பம். "பழையபடியே போடலாமே" என்று வீட்டில் கேட்டார்கள். தோட்டத்துக்காரர் இப்போது வந்து எரு கேட்கிறார், அதனால் மாற்றவில்லை.